தனித்துப் பார்த்தல்

பள்ளிப் பாடத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு நின்றுவிடும். காயசண்டிகையின் யானைத்தீ, அறக்கோட்டமாக மாறிய சிறைக்கோட்டம், பசிப்பிணி தீர்த்தல். தமிழ் இலக்கியம் எடுத்துப் படிப்பவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போவார்கள். முப்பதாவது காதைக்கு, அதாவது கடைசிக் காதைக்கு, வந்து சேர்பவர்கள் குறைவு. அங்கே கதை கிடையாது. காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் சொல்கிறார், மணிமேகலை கேட்கிறாள். ஆனால் ‘நான்’ என்று நிலையான ஒன்றைக் காண முடியாது என்ற புத்தரின் போதனையைத் தமிழிலேயே கையில் எடுத்துச் செய்து பார்க்க நினைப்பவருக்கு அந்தக் காதையை விட நல்ல கையேடு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். அதிலிருந்து இரண்டு அடி:

அநித்தம் துக்கம் அநான்மா அசுசி எனத்
தனித்துப் பார்த்துப் பற்று அறுத்திடுதல்

அநித்தம் என்றால் நிலையற்றது, அசுசி தூய்மையற்றது, அநான்மா ஆன்மா அல்லாதது. அநான்மா என்பதுதான் பாலியில் அனத்தா, வடமொழியில் அநாத்மா. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விவாதம் செய்பவர்கள் பலர். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த அடியின் வினைச்சொல்: தனித்துப் பார்த்து. கூட்டமாக வருவதைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது என்றே நான் இதைப் படிக்கிறேன். நம்ப வேண்டிய கொள்கையாக இதை அடிகள் முன்வைக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையாகத்தான் சொல்கிறார்.

உ.வே.சாமிநாதையர் 1898-ல் மணிமேகலையை அச்சேற்றியபோது இந்தக் கலைச்சொற்களுக்குப் பொருள் சொல்ல ஆள் இல்லாமல் திண்டாடினார். கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைப் படித்து விளக்கி உதவினார். அதே 1898-ல் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் தமிழுக்குப் பௌத்தம் ஏட்டுச்சுவடி வழியாகவும் மக்கள் வழியாகவும் திரும்பி வந்தது.

அடிப்படை வாதம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். காசிக்கு அருகே இசிபதனம், இன்றைய சாரநாத். முதல் உபதேசம் கேட்ட கொண்டஞ்ஞன், வப்பன், பத்தியன், மகாநாமன், அஸ்ஸஜி என்ற ஐந்து துறவிகளுக்கே இரண்டாவது உபதேசமும். உடம்பு ‘நான்’ என்றால் அது நோயில் விழாது. ‘என் உடம்பு இப்படி இருக்கட்டும், இப்படி இருக்க வேண்டாம்’ என்று ஆணையிட முடியும். முடியவில்லையே, என்கிறார் புத்தர். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று ‘வியர்க்காதே’ என்று உடம்புக்குச் சொல்லிப் பார்த்தால் வாதம் புரியும். பிறகு கேள்விகள் வருகின்றன. இது நிலையானதா, நிலையற்றதா? நிலையற்றது. நிலையற்றது இன்பமா, துன்பமா? துன்பம். நிலையற்று, துன்பமாக, மாறும் இயல்போடு இருப்பதை ‘இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா’ என்று கொள்வது தகுமா? தகாது.

கடைசியில் வரும் அந்த மூன்று தொடர்களும் ஒன்றல்ல. ‘என்னுடையது’ என்பது வேட்கையின் பிடி. ‘நான்’ என்பது மானத்தின் பிடி, ஒப்பிட்டுப் பார்க்கும் செருக்கு. ‘என் ஆன்மா’ என்பது கொள்கையின் பிடி. உரைகாரர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள். மூன்றும் ஒரே நாளில் அவிழ்வதில்லை. இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

தனித்துப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் பொருள்கள் ஐந்து. மணிமேகலையின் சொற்களில் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. இவற்றுக்கு ஐங்கந்தம் என்று பெயர். கந்தம் என்றால் குவியல். இயந்திரத்தின் ஐந்து உறுப்புகள் போல நினைத்துக்கொண்டால் ஆரம்பத்திலேயே தவறிவிடும். களத்தில் நெல்லை ஐந்து குவியலாகக் கூட்டி வைப்பது போல, நிகழ்பவற்றை இனம் பிரித்துக் குவிப்பதுதான் இது.

வேளச்சேரிப் பக்கம் சாயங்காலம் ஆறு மணி. முழங்கையில் கொசு கடித்துவிட்டுப் போய்விட்டது. (கடிக்க விட்டுப் பயிற்சி செய்ய வேண்டாம். டெங்கு இருக்கிற ஊர் இது. வலையைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அதையும் மீறிக் கடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.) அந்த இடத்தில் ஒரு தடிப்பு, ஒரு சூடு, ஒரு இறுக்கம்: இது உருவு. இன்னாததாக இருக்கிறது: இது நுகர்ச்சி. இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என்று நுகர்ச்சி மூன்றே வகை. அதற்குமேல் கதை சொன்னால் அது நுகர்ச்சி அல்ல. ‘கொசு’ என்று உடனே தெரிகிறதே, அந்த அடையாளம் குறிப்பு. கை தானாக எழுகிறது, சொறியத் துடிக்கிறது, ‘ஜன்னலை யார் திறந்து வைத்தது’ என்று கோபம் கிளம்புகிறது: இவை பாவனை. இவையெல்லாம் தெரிகின்றனவே, அந்தத் தெரிதல் உள்ள அறிவு.

இதற்கிடையில் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. அந்த நொடியில் முழங்கை எங்கே போனது? செவி வழி அறிவு எழுந்தபோது மெய் வழி அறிவு இல்லை. திரும்பவும் அரிப்புக்கு வரும்போது புதிதாக எழுகிறது. ‘மூன்றாவது விசிலா, நாலாவதா’ என்று மனம் தேடினால் அது மனத்தின் வழி அறிவு. ஒரே விளக்கு அறை முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது. உற்றுப் பார்த்தால் வாயிலுக்கு வாயில் தனித்தனியாகப் பற்றி அணைகிறது.

குறிப்பும் பாவனையும் எவ்வளவு வேகமானவை என்பதற்கு இன்னொன்று. பேருந்தில் யாருடைய போனோ ஒலிக்கிறது. உங்கள் போனின் அதே ஒலி. கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. ‘என்னுடையது அல்ல’ என்று தெரிவதற்குள் ‘என்னுடையது’ என்ற அடையாளமும் எடுக்கும் முனைப்பும் வேலையை முடித்துவிட்டன. அந்தக் கையை அனுப்பியவர் யார் என்று தேடினால் ஆள் அகப்படுவதில்லை. ஒலி இருந்தது, பழக்கம் இருந்தது, கை போனது.

உருவை மேலும் பிரிக்க வேண்டுமென்றால் நிலம், நீர், தீ, காற்று என்று நான்காகப் பிரிக்க வேண்டும். ஐம்பூதம் என்று பழகிய நமக்கு இது இடறும். பௌத்தத்தில் ஆகாயம் அடிப்படைப் பூதங்களில் சேர்வதில்லை. கெட்டி, மென்மை என்பது நிலம். ஒட்டுதல், கசிவு நீர். சூடு, குளிர்ச்சி தீ. தள்ளல், அசைவு காற்று. இதற்குப் புத்தர் சொல்லும் உவமை, மாட்டை அறுத்து நாற்சந்தியில் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் கசாப்புக்காரர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்டுக்கறிக் கடைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டியிருக்கும்போது ஆடு. அறுத்துத் தொங்கவிட்ட பிறகு தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல், தலைக்கறி. ‘அரை கிலோ ஆடு கொடுங்க’ என்று யாரும் கேட்பதில்லை. ஆடு என்ற நினைப்பு எந்த வெட்டில் போனது என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.

ஐந்து குவியலுக்கும் ஐந்து உவமைகள் உண்டு. உருவு ஆற்று நுரை. நுகர்ச்சி மழைநீரில் எழும் குமிழி. குறிப்பு கானல்நீர். பாவனை வாழைமரம். உள்ள அறிவு மாயவித்தை. இவற்றில் வாழையைச் சொன்னதும் தமிழர்களுக்கு ஓர் ஆட்சேபம் எழும், நியாயமானதும்கூட. வைரம் பாய்ந்த கட்டை தேடிப் போனவன் வாழையை வெட்டிப் பட்டை பட்டையாக உரிக்கிறான், உள்ளே எதுவுமில்லை என்பது உவமை. ஆனால் உரித்தால் தண்டு இருக்கிறதே, பொரியல் செய்கிறோமே? அந்தத் தண்டு பூவைத் தாங்கி மேலே வரும் காம்பு. நிலத்தடிக் கிழங்கிலிருந்து, மரம் பூக்கும் பருவத்தில்தான், நடுவே ஏறி வருகிறது. அதற்கு முன்னால் வாழைமரம் என்பது ஒன்றையொன்று சுற்றிய இலைப்பட்டைகள் மட்டுமே. பாலி மூலத்தில் உவமை சொல்லும் இடத்திலேயே ‘நேரான, இளைய, உள்ளே குருத்துத்தண்டு இன்னும் பிடிக்காத வாழை’ என்று அடைமொழி இருக்கிறது. வாழையை வெட்டித் தெரிந்தவர்கள் முன்னால் சொல்லப்பட்ட உவமை அது.

இனி உட்காரும் முறை. அரை மணி நேரம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம், ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும். சம்மணம் முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், முதுகு மட்டும் சாயாமல் இருந்தால் நல்லது. முதல் பத்து நிமிடம் மூக்கு நுனியில் மூச்சு மட்டும். இதைத் தாண்டிக் குதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. மனம் கொஞ்சமும் நிலைக்காமல் பிரிக்கப் போனால் ஐந்து குவியல்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்போமே தவிரப் பார்க்க மாட்டோம். சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்தில் நடக்கும் 10 நாள் விபசனா தியான வகுப்பில் முதல் மூன்று நாள் முழுக்க மூச்சுதான், நாலாம் நாள்தான் உடம்பின் உணர்ச்சிகளுக்கு வருகிறார்கள். பத்து நிமிடம் என்பது அதன் மிகச் சிறிய கைப்பிடி.

அடுத்த பதினைந்து நிமிடத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி. முட்டிவலியோ அரிப்போ தெருவில் ஹாரன் சத்தமோ, வலுவாக வருவதில் ஒன்று. அதை முதலில் நுகர்ச்சியாகப் பாருங்கள்: இன்பமா, துன்பமா, இரண்டும் இல்லையா. பிறகு உருவு: சூடா, அழுத்தமா, துடிப்பா. எல்லை எங்கே? பெரும்பாலும் எல்லை நகர்ந்துகொண்டிருக்கும். பிறகு அதற்கு மனம் வைத்த பெயர். பிறகு அதை ஒட்டி எழும் முனைப்பு: விலக்க வேண்டும், நீட்டிக்க வேண்டும், குறை சொல்ல வேண்டும். கடைசியில் தெரிதல். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி போதும்: இதை இருக்கச் சொன்னால் இருக்குமா, போகச் சொன்னால் போகுமா? பதிலைத் தேட வேண்டாம், அது கண்ணெதிரே நடக்கும். ‘இது நான் அல்ல’ என்று மந்திரம் போல உருப்போடுவது பயன் தராது. உருப்போடுவதும் ஒரு பாவனை, அதையும் குவியலில் சேர்க்க வேண்டியதுதான்.

கடைசி ஐந்து நிமிடம் மைத்திரிக்கு, அதாவது எல்லோரிடமும் அன்பைப் பழகுவதற்கு. இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். மணிமேகலை விடவில்லை. பற்றை அறுக்கும் அடிகளுக்கு அடுத்து, மைத்திரி, கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது) என்று அறிந்து செற்றம், அதாவது பகை, அறுக என்று வருகிறது. அதற்கும் அடுத்து, சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை ஆகியவற்றால் மயக்கம் நீங்குக என்று. கேட்டல், எண்ணுதல், பழகுதல், காணுதல். (இங்கே வரும் பாவனை தியானப் பழக்கம். ஐங்கந்தத்தின் பாவனையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) பிரித்துப் பார்ப்பதை மட்டும் செய்து அன்பைப் பழகாதவர்கள் வறண்டு போவதுண்டு. ‘எல்லாம் குவியல்தானே’ என்று வீட்டில் அழுகிறவரிடம் சொல்லும் நிலைக்கு வருவார்கள். அது ஞானம் இல்லை, மரத்துப்போதல்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிலருக்கு உடம்பு தன்னுடையது இல்லை போலவும், உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவும் ஒரு நிலை வரும், அச்சத்தோடு வரும். மனநல மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நிலை இது. அநான்மாவைக் கண்டதன் அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளவே கூடாது. வந்தால் கண்ணைத் திறந்து எழுந்து நடக்க வேண்டும், குளிர்ந்த நீரில் முகம் கழுவ வேண்டும், யாரோடாவது பேச வேண்டும். திரும்பத் திரும்ப வந்தாலோ முன்பே அந்தத் தொல்லை இருந்தாலோ இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சரியாக நடக்கும் பயிற்சி மனத்தை இலேசாக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் இன்னும் நெருங்க வைக்கும்.

தமிழ்நாட்டில் அதிகம் நடக்கும் பிழை வேறு. உருவு நான் அல்ல, நுகர்ச்சி நான் அல்ல என்று நான்கைத் தள்ளிவிட்டு, ‘இவற்றையெல்லாம் பார்க்கும் சாட்சியே நான்’ என்று அறிவில் போய் உட்கார்ந்துகொள்வது. வேதாந்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இயல்பாக வரும். வேதாந்தத்துக்கு அது சரியான இடமாகவே இருக்கலாம், புத்தரின் வழியில் அது பாதி வழியில் இறங்குவது. அவர் காலத்திலேயே சாதி என்ற பெயருடைய, மீனவர் மகனான பிக்கு ஒருவர், ‘இதே அறிவுதான் பிறவிதோறும் ஓடுகிறது’ என்று சொன்னார். புத்தர் கடுமையாக மறுத்தார். விறகைப் பற்றி எரிந்தால் விறகுத் தீ, புல்லைப் பற்றினால் புல் தீ, சாணத்தைப் பற்றினால் சாணத் தீ. அதுபோல் கண்ணையும் உருவத்தையும் சார்ந்து எழுந்தால் கண் அறிவு. சாராமல் எரியும் தீ எது? சாட்சியில் உட்கார்ந்துவிட்டோம் என்று தோன்றும்போது செய்ய வேண்டியது எளிது. அந்த ‘பார்ப்பவர்’ எங்கே தெரிகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் ஒரு இறுக்கம் இருக்கும். அது உருவு.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஆன்மாவே கிடையாது’ என்று அடித்துச் சொல்வது. வச்சகோத்தன் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, வந்து ‘ஆன்மா உண்டா?’ என்று கேட்டார். புத்தர் பேசவில்லை. ‘அப்படியானால் இல்லையா?’ என்றார். அதற்கும் பேசவில்லை. ‘எனக்கு ஆன்மா உண்டு’, ‘எனக்கு ஆன்மா இல்லை’ என்ற இரண்டையும் கொள்கைக் காட்டில் சிக்கும் வழிகளாகவே வேறொரு உரையில் எண்ணுகிறார். இந்த மௌனத்துக்கு மணிமேகலையில் ஒரு பெயரே இருக்கிறது. விடை நான்கு வகை: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமா என்றால் கெடும் என்று துணிந்து சொல்லலாம். செத்தவன் பிறப்பானா என்றால் ‘பற்று நீங்கி இறந்தானா, நீங்காமலா’ என்று கூறிட வேண்டும். ஆகாயப் பூ பழையதா புதியதா என்று கேட்பவனிடம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் ‘நான் நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்வது பொய்யா? இங்கேதான் அறவண அடிகளின் நான்கு வழக்குகள் கை கொடுக்கின்றன: தொகை, தொடர்ச்சி, தன்மை மிகுத்துரை, இயைந்துரை. தொகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு உடம்பு, நீர், நாடு. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2011 வரை சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். எல்லை விரிந்ததும் 426. அம்பத்தூரில் இருந்தவர் வீட்டை விட்டு நகரவில்லை, சென்னை அவர் வீட்டைத் தாண்டிப் போனது. 1996-க்கு முன் அரசு ஏடுகளில் ஆங்கிலத்தில் மெட்ராஸ். கூவத்திலோ ரிப்பன் கட்டடத்திலோ ‘சென்னை’ என்ற பொருளைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் சொத்துவரி ரசீது சென்னை பெயரில்தான் வருகிறது, கட்டியும் ஆக வேண்டும். ‘நான்’ என்ற சொல் வேலை செய்வதும் இப்படித்தான்.

தொடர்ச்சிக்கு எடுத்துக்காட்டு வித்து, முளை, தாள். எல்லாவற்றையும் நெல் என்கிறோம். இயைந்துரைக்கு, எழுத்துகள் கூடிச் சொல் ஆவதும் நாட்கள் கூடித் திங்கள் ஆவதும். தன்மை மிகுத்துரை என்பது தோன்றுதல், மூத்தல், முடிதல் என்ற இயல்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து மிகுத்துச் சொல்வது. இதை நான் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். ‘எனக்குக் கணக்கு வராது’, ‘அவன் கோபக்காரன்’ என்று நாம் சொல்வதெல்லாம் எங்கோ எப்போதோ தோன்றிய ஒன்றை வாழ்நாள் முழுவதற்கும் மிகுத்து உரைப்பது அல்லவா? அநான்மா அன்றாட வாழ்வில் அதிகம் உதவும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பிள்ளையிடம் ‘நீ சோம்பேறி’ என்று சொல்ல வாய் எழும்போது, எழுந்தது ஒரு குறிப்பு என்று தெரிந்தால் போதும்.

செய்தவனே இல்லையென்றால் வினையின் பயன் யாருக்கு என்பது தமிழ்நாட்டுச் சமணரும் சைவரும் பௌத்தரிடம் விடாமல் கேட்ட கேள்வி. சமண நூலான நீலகேசியிலும் சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலும் பௌத்தர் மீதான வாதங்கள் கூர்மையானவை, படித்துப் பழக வேண்டியவை. பௌத்தர் தரப்பு விடையை மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் மாம்பழத்தை வைத்துச் சொன்னார். ஒருவன் மாம்பழம் திருடிப் பிடிபட்டான். ‘இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம், எனவே குற்றமில்லை’ என்கிறான். தப்ப முடியுமா? முடியாது, நட்டதைச் சார்ந்துதான் பறித்தது வந்தது. வாங்கிய கடனை ‘வாங்கியவன் நான் அல்ல’ என்று சொல்லித் தள்ள முடியாததும் அதனால்தான். தொடர்ச்சிக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எழுத உள்ளே ஒரு நிலையான ஆள் தேவைப்படவில்லை.

கொள்கையளவில் இதெல்லாம் தெளிந்த பிறகும் ‘நான்’ என்ற உணர்வு ஏன் போகவில்லை என்று பலர் சோர்ந்து பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். கோசம்பியில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. கேமகன் என்ற பிக்கு நோயில் படுத்திருந்தார். மூத்த பிக்குகள் தாசகன் என்பவரை அனுப்பி நலம் விசாரித்தார்கள். ஐந்து கந்தங்களில் எதையாவது ஆன்மா என்று கருதுகிறீர்களா? இல்லை. அப்படியானால் அருகத் நிலை, அதாவது முழு விடுதலை, அடைந்துவிட்டீர்களா? அதுவும் இல்லை, ‘நான் இருக்கிறேன்’ என்பது இன்னும் இருக்கிறது, ஆனால் ‘இதுதான் நான்’ என்று எதையும் காட்ட முடியவில்லை. தாசகன் இரண்டு இடத்துக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் கேமகனே தடியை ஊன்றிக்கொண்டு மூத்தவர்களிடம் வந்தார்.

தாமரையின் மணம் இதழிலா, தண்டிலா, மகரந்தத்திலா என்று கேட்டார். பூவின் மணம் என்றுதானே சொல்ல வேண்டும்? பிறகு துணி வெளுப்பதைச் சொன்னார். அழுக்குத் துணியை வண்ணார் உவர்மண்ணிலும் சாம்பல்காரத்திலும் சாணத்திலும் போட்டுத் துவைத்து, நல்ல தண்ணீரில் அலசித் தருகிறார். துணி வெளுத்துவிட்டது. ஆனால் உவர்மண்ணும் காரமும் சாணமும் விட்டுப்போன வாடை இருக்கிறது. அதை மணப்பெட்டியில் வைத்தால் அந்த வாடையும் நாளடைவில் போகும். ‘என் ஆன்மா’ என்ற கொள்கை அழுக்கு, துவைத்ததில் போயிற்று. ‘நான்’ என்ற மானம் வாடை. எழுவதையும் மறைவதையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் மணப்பெட்டி. அன்று அவர் பேசி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்த அறுபது மூத்த பிக்குகளின் மனமும், தடியூன்றி வந்த அந்த நோயாளியின் மனமும் விடுபட்டன.